ஜவ்வு கிழிந்த முட்டியோடு அடுத்த ஒரு வருடம்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வயது 32. வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், வார இறுதியில் கால்பந்து. மூன்று வாரம் முன்பு ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பியபோது முட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் வீக்கம். எம்.ஆர்.ஐ.யில் ஏ.சி.எல். முழுதாக அறுந்திருக்கிறது, மெனிஸ்கஸிலும் ஒரு கிழிசல். மருத்துவர் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார். ஆபரேஷன் கட்டாயமா, எத்தனை மாதத்தில் ஓடலாம் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் ‘அதுவரை பைத்தியம் பிடிக்காமல் இருப்பது எப்படி’ என்று சிரிப்புக்குறி போட்டிருந்தீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பதில் மற்ற இரண்டுக்குள்ளேதான் இருக்கிறது, அதனால் வரிசையாகவே போகிறேன்.

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் பேச்சில் எல்லாமே ‘ஜவ்வு கிழிஞ்சிடுச்சு’தான். ஏ.சி.எல். என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளேயே குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் தசைநார். கீழ்க்கால் முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடிப்பது அதன் வேலை. மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் உட்கார்ந்து எடையைத் தாங்கிப் பரப்பும் மெத்தை. இரண்டும் ‘ஜவ்வு’ என்றாலும் வைத்தியம் வேறு, அவசரம் வேறு. உங்கள் விஷயத்தில் ஆபரேஷன் எவ்வளவு சீக்கிரம் என்பதை ஏ.சி.எல்.லைவிட மெனிஸ்கஸ் கிழிசலின் வகைதான் அதிகம் தீர்மானிக்கும். அதைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லை.

முட்டியைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மறக்க வேண்டாம். கால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மாட்டிக்கொண்டு, என்ன செய்தாலும் நேராகவில்லை என்றால், மெனிஸ்கஸின் கிழிந்த துண்டு புரண்டு மூட்டுக்குள் சிக்கியிருக்கலாம். அதற்கு உடற்பயிற்சி கிடையாது, சில நாட்களுக்குள் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாதம் சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை. இவை எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு மூன்றே வேலை: வீக்கத்தை இறக்குவது, முட்டியை முழுதாக நீட்டுவது, முன்தொடைத் தசையை எழுப்புவது. ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்த மூன்றும் முதல் 4-6 வாரத்துக்கு மாறாது. மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடல் தானாகவே குறைத்துவிடும். தசைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் ‘இறுக்கு’ என்று நீங்கள் நினைத்தாலும் அது இறுகாது. இரண்டு மூன்று வாரத்தில் தொடை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சூம்புவதற்கு இதுதான் முக்கியக் காரணம். மன உறுதி போதவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நீர் இறங்காமல் அந்தத் தசை முழுதாக விழிக்காது.

மிகச் சாதாரணமாக நடக்கிற, மிக அதிக சேதம் செய்கிற தவறு, முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது. லேசாக மடங்கிய நிலையில் வீங்கிய மூட்டுக்குள் இடம் அதிகம், அதனால் சுகமாக இருக்கும். அப்படியே மூன்று வாரம் போனால் கால் கடைசி ஐந்து பத்து டிகிரி நீள மறுக்கும், நடை நொண்டும், நொண்டினால் முன்தொடை வேலை செய்யாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கட்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு முறை. முட்டியின் பின்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு வேண்டியதுதான், கூர்மையான வலி வேண்டாம். அதே நிலையில் முட்டிச்சில்லைத் தொடைப் பக்கமாக மேலே இழுக்கிற மாதிரி முன்தொடையை இறுக்கி, ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பத்து முறை ஒரு சுற்று, நாளுக்கு ஐந்தாறு சுற்று. நன்றாக இறுகுகிறதா என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. படுத்தபடி காலை நேராகத் தூக்கும்போது, குதிகால் எழுந்த பிறகு முட்டி கொஞ்சம் தொய்ந்து மடங்கினால் தசை இன்னும் தூங்குகிறது. தொய்வே இல்லாமல் பத்து முறை தூக்க முடிந்தால்தான் ஊன்றுகோலை விடலாம். முன்தொடை மீது மின்முனை ஒட்டித் தசையைத் தூண்டும் கருவி உங்கள் பிசியோவிடம் இருந்தால் இந்தக் கட்டத்தில் கேட்டு வாங்குங்கள், பலன் உண்டு.

நீட்டல் எவ்வளவு பாக்கி என்பதை வீட்டிலேயே அளக்கலாம். கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிச்சில்லு விளிம்புக்கு வெளியே இருக்கும்படி கீழ்க்கால்கள் இரண்டையும் தொங்கவிடுங்கள். அடிபட்ட காலின் குதிகால் மற்றதைவிட எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு டிகிரி. இலக்கு ‘நேர்கோடு’ அல்ல, உங்கள் மற்ற கால் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு. பலருக்கு நல்ல கால் நேர்கோட்டையும் தாண்டிக் கொஞ்சம் பின்னால் வளையும். அடிபட்ட காலும் அங்கே போக வேண்டும்.

நீர் பார்ப்பது இன்னும் எளிது, இதைத் தினமும் காலையில் செய்யுங்கள். காலை நீட்டி, தொடையைத் தளர்த்தி உட்காருங்கள். முட்டிச்சில்லின் உள்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். உள்ளங்கையால் அந்தப் பள்ளத்துக்குக் கீழிருந்து தொடையை நோக்கி இரண்டு மூன்று முறை மெதுவாக வழித்து விடுங்கள், பள்ளம் காலியாகும். இப்போது முட்டிச்சில்லின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை வழியுங்கள், கண் உள்பள்ளத்தின் மேலேயே இருக்கட்டும். எதுவும் நகரவில்லை என்றால் நீர் இல்லை. சின்ன அலை ஒன்று ஓடி வந்தால் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் வெளிப்பக்கம் கை வைப்பதற்கு முன்பே பள்ளம் தானாக நிரம்பிவிட்டால் நிறைய இருக்கிறது, அன்று பளு கூட்டக் கூடாது. மேலே வழித்தும் நீர் நகரவே இல்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டிய அளவு.

இந்தச் சோதனையை ஒரு வருடத்துக்கும் கைவிடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டக்காரர்கள் வலியைத் தாங்கப் பழகியவர்கள், அதனால் வலியை மட்டும் நம்பி அளவு தெரிந்துகொள்ள முடியாது. நீர் பொய் சொல்லாது. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், உள்பள்ளத்தில் நேற்றைவிட அதிக அலை தெரியக் கூடாது. இவற்றில் ஒன்று மீறினாலும் முந்தைய நாள் செய்தது அதிகம், ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள். நிற்கிற சைக்கிளை இப்போதே தொடங்கலாம். மிதியை முழு வட்டம் சுற்ற முட்டி 110 டிகிரி அளவுக்கு மடங்க வேண்டும். மடங்காவிட்டால் இருக்கையை உயர்த்தி, அரை வட்டம் முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். ஒரு நாள் தானாகவே சுற்றிவிடும்.

இனி ஆபரேஷன். ஏ.சி.எல். அறுந்த எல்லோருக்கும் அது கட்டாயம் இல்லை, இது உறுதி. ஸ்வீடனில் 18 முதல் 35 வயதுக்குட்பட்ட, விளையாடுகிற 121 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், மறு பிரிவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு ஆண்டு முடிவில் இரு பிரிவினரும் தங்கள் முட்டிக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை; ஐந்து ஆண்டு முடிவிலும் அப்படியே. இரண்டாம் பிரிவில் ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், மீதிப் பாதிக்குத் தேவைப்படவில்லை. நெதர்லாந்தில் 167 பேரிடம் நடந்த ஆய்விலும் பயிற்சியோடு தொடங்கியவர்களில் பாதிப் பேர் இரண்டு ஆண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள். இதைப் படித்துவிட்டு ‘அப்போ ஆபரேஷனே வேண்டாம்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் 2022இல் வந்த பிரிட்டன் ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடிபட்டுப் பல மாதம் கழித்தும் முட்டி நிலையில்லாமல் இருந்த 316 பேரை எடுத்துக்கொண்ட ஆய்வு அது. அவர்களில் ஆபரேஷன் பிரிவினர் தெளிவாக மேலே இருந்தார்கள். இரண்டும் முரண் இல்லை. புதிதாக அடிபட்டவர் பயிற்சிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம். மாதக்கணக்கில் நழுவிக்கொண்டே இருக்கும் முட்டிக்குப் பயிற்சி மட்டும் போதாது.

நழுவுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். படி இறங்கும்போது தொடை களைத்து முட்டி வெடவெடப்பது நழுவல் அல்ல, அது பலவீனம். திரும்பும்போது மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி, ‘கழன்றுவிட்டது’ என்ற உணர்வு வந்து, அடுத்த நாள் வீங்கினால் அதுதான் நழுவல். ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸை மேலும் கிழிக்கக்கூடியது. பயிற்சிக்குப் பிறகும் இது இரண்டு முறை நடந்தால் என் கருத்து ஆபரேஷன் பக்கம் சாயும். மெனிஸ்கஸ் கிழிசல் தைக்கக்கூடிய வகையாக இருந்தால் அதற்கும் முன்பே சாயும். வெளி விளிம்பில் ரத்த ஓட்டம் இருப்பதால் அங்கே தைத்தால் ஆறும், நாள் கடந்தால் தைக்க முடியாமல் வெட்டி எடுக்க நேரிடும், வெட்டி எடுத்த முட்டி பின்னாளில் தேய்கிறது. பிறகு, நீங்கள் எதை விட மாட்டீர்கள் என்ற கேள்வி. நேர்கோட்டில் ஓடுவதற்கு ஏ.சி.எல்.லின் பங்கு குறைவு. அது இல்லாமலே நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் உண்டு. வெட்டித் திரும்புகிற கால்பந்துக்கு அது வேண்டும். ஓட்டமா கால்பந்தா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதை எடுப்பீர்கள் என்பதை உங்கள் மருத்துவர் தெரிந்துகொள்ளாமல் நல்ல ஆலோசனை சொல்ல முடியாது.

சர்ச்சையில் இருப்பவை இரண்டு. அறுந்த ஏ.சி.எல். தானாக ஒட்டாது என்பதுதான் நெடுநாள் பாடம். மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்வின் பழைய ஸ்கேன்களை மறுபடி பார்த்தபோது, ஆபரேஷனே செய்துகொள்ளாதவர்களில் பாதிக்கு மேல் ஒட்டிய அடையாளம் தெரிந்தது. முட்டியை 90 டிகிரியில் நான்கு வாரம் பூட்டி வைத்து ஒட்டச் செய்யும் முறையும் 2023இல் 80 பேரின் முடிவுகளோடு வந்தது. ஸ்கேனில் ஒட்டியிருப்பதும் கால்பந்துக்குத் தாங்குவதும் ஒன்றா என்பது இன்னும் நிரூபணம் ஆகவில்லை, ரத்தக்கட்டி அபாயமும் உண்டு, அடிபட்டதும் கூடிய சீக்கிரம் தொடங்க வேண்டிய முறையும்கூட. மூன்று வாரம் ஆன உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று, ஆபரேஷன் செய்தால் பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வராது என்ற வாக்குறுதி. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை. இந்தக் காயம் பட்ட முட்டிக்கு இரு வழியிலும் தேய்மான அபாயம் கூடுதல்தான். அதை மட்டும் காரணமாக வைத்து யாரும் ஆபரேஷனுக்குப் போக வேண்டாம்.

ஆபரேஷன் என்று முடிவானால், வீங்கி, நீளாத முட்டியோடு மேசைக்குப் போகாதீர்கள். மேலே சொன்ன மூன்று வேலையும் முடித்துப் போனவர்களுக்குப் பிறகு விறைப்பு குறைவு. அறுந்த ஏ.சி.எல்.லின் இடத்தில் பொருத்த, வேறிடத்திலிருந்து எடுக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) துண்டைத்தான் ஒட்டு என்கிறோம். அதை எங்கிருந்து எடுப்பது என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறும். பின்தொடைத் தசைநாணில் எடுத்தால் முன்பக்க வலி குறைவு, பின்தொடை பலம் கொஞ்சம் குறையும். முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணில் எடுத்தால் பிடிப்பு உறுதி, ஆனால் மண்டியிடும்போது நெடுநாள் உறுத்தும். அந்த மருத்துவர் எதை அதிகம் செய்து பழகியவரோ அதற்கு நான் மதிப்புக் கொடுப்பேன். இறந்தவரிடமிருந்து பெற்ற ஒட்டு மட்டும், இளம் வயதில் விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு அதிகம் அறுகிறது.

எத்தனை மாதம் என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஆபரேஷனுக்குப் பிறகான மூன்றாம் மாதம். வலி போய்விடும், வீக்கம் போய்விடும், படி ஏறலாம், ‘முட்டி சரியாகிவிட்டது’ என்று தோன்றும். உள்ளே நடப்பது நேர்மாறு. பொருத்தப்பட்ட தசைநாண் முதலில் ரத்த ஓட்டம் இழந்து உள்ளுக்குள் செத்து, பிறகு புது ரத்தக்குழாய்களும் செல்களும் புகுந்து மெதுவாகத் தசைநாராக மாறுகிறது. ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை ஒட்டு மிகப் பலவீனமாக இருக்கும். நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் ‘சும்மா ஒரு அஞ்சு நிமிஷம்’ ஆடிப் பார்த்து ஒட்டை அறுத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். இதே மாதங்களில் முட்டி கடைசி சில டிகிரி நீளாமல் முன்பக்கம் எதுவோ இடிக்கிற மாதிரி இருந்தால், ஒட்டுக்கு முன்னால் தழும்புச் சதை உருண்டிருக்கலாம். இன்னும் இழுத்து நீட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேர்கோட்டு ஓட்டத்தை நான்காம் மாத வாக்கில் தொடங்கலாம், ஆனால் நாட்காட்டி மட்டும் போதாது. உள்பள்ளத்தில் அலை இல்லை, நீட்டல் இரு காலும் சமம், அடிபட்ட முன்தொடை நல்ல தொடையின் பலத்தில் குறைந்தது 70 சதவீதம், ஒற்றைக் காலில் பத்து முறை முட்டி உள்ளே சாயாமல் உட்கார்ந்து எழ முடிகிறது: இவை இருந்தால் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு முதல் எட்டுச் சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். உங்கள் மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் முதல் மாதக் கட்டுப்பாடுகள் கூடும், எல்லாமே தள்ளிப்போகும்.

கால்பந்துக்கு ஒன்பது மாதம் என்பது கீழ் எல்லை. நார்வேயில் 106 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பலத்தை அளக்கும் சோதனைகளில் தேறித் திரும்பியவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கும், தேறாமல் திரும்பியவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கும் மறுபடி முட்டியில் காயம். சின்ன ஆய்வுதான், எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். போகும் திசையில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேறுவது என்றால் முன்தொடை பலமும் ஒற்றைக்கால் தாவல்களும் நல்ல காலின் 90 சதவீதத்துக்கு வருவது. இதில் ஓர் ஓட்டை உண்டு. ஆறு மாதம் ஓடாமல் இருந்தால் நல்ல காலும் இளைத்துவிடும், இரண்டு பலவீனங்களை ஒப்பிட்டு 90 வந்துவிடும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே, இந்த வாரமே, நல்ல காலின் பலத்தை ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். காலை நீட்டும் எந்திரத்தில் பத்து முறை எத்தனை கிலோ தூக்க முடிகிறது என்ற ஒரு எண் போதும். ஒன்பதாம் மாதம் அடிபட்ட கால் அந்த எண்ணோடுதான் போட்டி போட வேண்டும்.

இனி பைத்தியம் பிடிக்கும் விஷயம். ஓடுகிறவருக்கு ஓட்டம் போனால் வெறும் பயிற்சி மட்டும் போவதில்லை. தூக்கம், பசி, நண்பர்கள், கோபத்தை இறக்கி வைக்கிற இடம் எல்லாம் ஒரே நாளில் போகிறது. முதல் மாதத்தில் எரிச்சலும் அழுகையும் வருவது வழக்கத்தில் உள்ளதே. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதுவும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். மற்றபடி, நீங்கள் ஓடிய அதே நேரத்தை அதே கிழமைகளில் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுங்கள். மேலுடல் எடைப் பயிற்சிக்கு முட்டி தேவையில்லை. நல்ல காலுக்குத் தனியாகப் பளு கொடுங்கள்; ஒரு காலைப் பயிற்றினால் மற்ற காலின் பலம் இறங்குவதும் ஓரளவு குறைகிறது. நீச்சலில் தொடைகளுக்கு இடையே மிதவையை இடுக்கிக்கொண்டு கையால் மட்டும் நீந்தலாம். தவளை உதை வேண்டாம், அது முட்டியை முறுக்கும். ஆபரேஷன் ஆகியிருந்தால் காயம் முழுதாக மூடிய பிறகுதான் தண்ணீர். ஓடவில்லையே என்று சாப்பாட்டைப் பாதியாக வெட்டுவது தவறு, தசை இன்னும் வேகமாக இளைக்கும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரை எடுக்கலாம்.

இலக்கை ‘மறுபடி ஆடுவது’ என்று வைத்தால் ஒரு வருடம் தினமும் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு எண் வையுங்கள்: குதிகால் உயர வித்தியாசம், காலைத் தூக்கும்போது தொய்வு, ஒற்றைக் காலில் எழும் எண்ணிக்கை. பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள்; அடிபடும் முன் ஆடிய அளவுக்குத் திரும்புகிறவர்கள் பத்தில் ஆறேழு பேர். முட்டி நன்றாக இருந்தும் திரும்பாதவர்களிடம் பயம் ஒரு பெரிய காரணம். எட்டாம் மாதத்திலிருந்து திரும்புதல், குதித்து இறங்குதல், யாரோ ஒருவர் திடீரெனக் கைகாட்டிய பக்கம் வெட்டுதல் என்று அடிபட்ட அதே அசைவைச் சின்ன அளவில் நூறு முறை செய்தால்தான் அந்தப் பயம் இறங்கும், பேசிப் பேசி இறங்காது. திரும்பிய பிறகும் வாரம் இரண்டு முறை பலப் பயிற்சியும், ஆட்டத்துக்கு முன் தாவி இறங்கும் முறையைப் பழக்குகிற 15-20 நிமிடத் தயாரிப்பும் தொடர வேண்டும். இந்தக் காயம் இரண்டாம் முறை வருவது அபூர்வம் இல்லை, நல்ல முட்டியிலும் வரும்.

உங்கள் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மெனிஸ்கஸ் பற்றிய வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள்: உள்பக்கமா வெளிப்பக்கமா, விளிம்பிலா நடுவிலா, புரண்டிருக்கிறதா. கூடவே நாளைக் காலை உள்பள்ளத்தை வழித்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது, குதிகால் வித்தியாசம் எத்தனை சென்டிமீட்டர் என்றும் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த நான்கு வாரத்துக்கு என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.